முன்னறையில் இரும்பு

அத்தியாயம் 11

காலை ஐந்தரைக்குக் கோயிலில் பூசைக்கான முதல் மணி அடித்தது.

டெல்பின் கிளம்பவில்லை. முன்னறையின் நடுவில் விரித்த பாயின் மேல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

எதிரே இரண்டு டம்பெல்கள். போன வாரம் மகன் பிரவீன்ராஜ் பெங்களூரிலிருந்து காரில் வைத்துக் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் தாங்கிக்குள் உட்கார்ந்திருந்தது. கைப்பிடியின் முனையில் ஒரு டயல். மூன்றில் வைத்தால் மூன்று கிலோ. ஐந்தில் வைத்தால் ஐந்து. டயல் சொல்லும் அளவுக்கு மட்டும் இரும்பு வட்டுகள் கைப்பிடியோடு எழுந்து வரும். மிச்சம் தாங்கியிலேயே தங்கிவிடும்.

அது கெட்டிக்காரச் சாமான்தான். அதை அவள் மறுக்கவில்லை. அது எதற்காக வீட்டுக்குள் வந்தது என்பதில்தான் அவளுக்கு வழக்கு.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். எலும்பு மெலிந்திருக்கிறது. இனி எடை தூக்கிப் பழகுங்கள். இரண்டாவது டெல்பினின் காதில் விழுந்தது. முதலாவது மட்டும் மகனின் காதில் விழுந்தது.

அம்மா இனித் தனியாக இருக்கக் கூடாது. பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். பாலக்கரை வீட்டை ஒரு டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டுவிடலாம். பிரவீன் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, சமாதானத்துக்கு இந்த டம்பெல்களைக் கொண்டுவந்து வைத்தான். போன வாரம் முழுக்க டெல்பின் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

டயலை மூன்றிலிருந்து ஐந்துக்குத் திருகினாள்.

பலவீனமான கை முதலில் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்தாள். இடது கையால் கைப்பிடியைப் பிடித்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினாள்.

எடை ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது.

கட்டைவிரல் பக்கம் அத்தனை பாரமும். சுண்டுவிரல் பக்கம் ஒன்றுமே இல்லாததுபோல் லேசு. மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. விரல்கள் தாமாகவே விட்டன. டம்பெல் பாயில் விழுந்து உருண்டது.

பின்கட்டு வழியாக வியாகுலம்மாள் வந்தாள். டெல்பினின் கணவர் செபஸ்தியானின் அக்கா. அடுத்த வீடு. கையில் மாதா மேசைக்குச் சம்பங்கி.

"என்னடி சத்தம்?"

"அண்ணி, இதை யாரு தொட்டது?"

"நான்தான். இன்னிக்கு சாயங்காலம் அன்பிய ஜெபம் உன் வீட்டுலன்னு நேத்து அறையைக் கழுவி விட்டேன்ல. இதெல்லாம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. மாதா சுரூபம் வைக்கிற இடத்துல இப்படியா இருக்கறது? வட்டு வட்டா உருவி, தேய்ச்சு, மொட்டை மாடியில காயவெச்சு..."

"வெச்சு?"

"திரும்ப அடுக்கிட்டேன். பெருசுலேருந்து சிறுசு வரைக்கும். பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு."

டெல்பின் குனிந்து பார்த்தாள். தாங்கிக்குள் வட்டுகள் சமையலறை ஸ்டாண்டில் தட்டுகள் நிற்பதுபோல வரிசையாக நின்றன. இந்த முனையில் பெரியது. அந்த முனையில் சின்னது. ஒரு பக்கம் இருப்பதுபோலவே மறு பக்கமும் இருக்க வேண்டிய சாமான் அது. அண்ணி கனத்தையெல்லாம் ஒரே பக்கம் சேர்த்துவைத்திருந்தாள்.

டெல்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் வலி வந்தது.

வியாகுலம்மாள் சம்பங்கியைக் கீழே வைத்தாள். "கையைக் காட்டு."

"ஒண்ணுமில்ல."

"அதே கையாடி?"

"மெதுவா பேசுங்க அண்ணி. உள்ளே தூங்கறான்."

"மாதாவே. அவனுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா இன்னிக்கே கார்ல ஏத்திருவான். இந்த டம்பெல்லோட சேர்த்து டிக்கியில போட்டாலும் போட்டுருவான்."

உள்ளறையில் பிரவீன் இருமினான். கட்டில் முனகியது. டெல்பின் வலது கையால் டம்பெல்லை எடுத்துத் தாங்கிக்குள் அழுத்தி உட்காரவைத்தாள். வட்டுகளை மாற்றி அடுக்க நேரமில்லை. முந்தானையை இடது கை மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அண்ணி, இது நமக்குள்ள."

வியாகுலம்மாள் வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

*

"தூக்கினியாம்மா?" என்றான் பிரவீன். இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தான்.

"தூக்கினேன்."

"எத்தனை வெச்சே?"

"அஞ்சு."

அவன் முகம் மலர்ந்தது. அப்பாவின் சிரிப்பு. அதைப் பார்த்தால் டெல்பினுக்குப் பாதிக் கோபம் போய்விடும். அதனால் பார்க்காமல் அடுப்பைத் துடைத்தாள்.

"பாத்தியா? இதையே தனித்தனியா வாங்கியிருந்தா மூணு கிலோ ஒரு ஜோடி, நாலு ஒரு ஜோடி, அஞ்சு ஒரு ஜோடின்னு வீடே ஜிம்மா ஆயிருக்கும். இது அப்படியா? கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா இருக்கற இடமே தெரியாது. உனக்கு பலம் கூடக் கூட டயலைத் திருப்பிக்கிட்டே போலாம். நம்ம ஃப்ளாட்டுக்கு இதாம்மா சரி."

இருக்கற இடமே தெரியாது. அவள் அந்த மூன்று சொற்களையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு இது வேணாம் பிரவீனு. டயல் இல்லாதது வேணும். ஒரே எடை, ஒரே இரும்பு. எடுத்தா அப்படியே வரணும், வெச்சா அப்படியே இருக்கணும்."

"ஏன், இதுக்கு என்ன?"

காலையில் நடந்ததைச் சொல்ல முடியாது. அவளிடம் இன்னொரு காரணமும் இருந்தது. உண்மையில் அதுதான் பெரிய காரணம்.

"இதை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் தூக்க முடியும்."

"நீ ஒருத்திதானேம்மா தூக்கப் போறே?"

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். அதனால்தான் அது தைத்தது.

ஒருத்தி. பெங்களூரில், பதினோராவது மாடியில், கட்டிலுக்கு அடியிலிருந்து டம்பெல்லை இழுத்து, தூக்கி, திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, மகனும் மருமகளும் ஆபீஸிலிருந்து வரும்வரை பால்கனியில் நிற்கும் ஒருத்தி.

"நான் வரலை" என்றாள் டெல்பின்.

"எங்கே?"

"பெங்களூருக்கு."

பிரவீன் இட்லியை வைத்துவிட்டான். "விளையாடாதம்மா. நாலு மணிக்கு டியூஷன் சார் முன்னறையை அளக்க வராரு."

"வரட்டும். அளந்துட்டுப் போகட்டும்."

"வாக்கு குடுத்திருக்கேன்."

"யார் வீட்டுக்கு?"

அவன் எழுந்து கை கழுவினான். தட்டையும் அவனே கழுவிக் கவிழ்த்தான். கோபம் வந்தால் அவனுக்கு வேலை ஓடும். அதுவும் அப்பாவைப் போலத்தான்.

"அம்மா, நீ விழுந்த அன்னிக்கு விடியற வரைக்கும் ஈரத் தரையில கிடந்தே. பக்கத்துல யார் இருந்தா? சொல்லு."

"விடிஞ்சதும் உங்க அத்தை பால் கொண்டுவந்தாங்க. பின்கதவை இடிச்சுத் திறந்தாங்க. பெங்களூர்ல நீங்க ரெண்டு பேரும் காலையில கிளம்பிட்டா இருட்டற வரைக்கும் எந்தக் கதவைடா யார் இடிப்பா?"

அவன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துகொண்டான். ஆனால் எதையும் தட்டவில்லை.

முந்தானைக்குள் டெல்பினின் மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது.

*

"முதல்ல எக்ஸ்ரே" என்றாள் வியாகுலம்மாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"முதல்ல இரும்பு."

"வீங்குதுடி."

"எக்ஸ்ரே எங்கேயும் ஓடிராது. அழகிரி இன்னிக்குக் கடையைக் காலி பண்றான்."

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலை மாடியில் அழகிரி ஒரு ஜிம் நடத்திவந்தான். மெஷின்களோடு பெரிய இடத்துக்குப் போகிறான். பழைய சாமான்களை வந்த விலைக்குத் தள்ளுகிறான். பொன்மலை ரயில்வே பணிமனையில் டெல்பினோடு வேலை பார்த்த நவநீதன்தான் சொன்னான்.

செபஸ்தியான் வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்ததால் கருணை அடிப்படையில் டெல்பினுக்குப் பொன்மலை ஸ்டோரில் வேலை கிடைத்தது. சும்மா உட்கார்ந்து முத்திரை குத்தினால் போதும் என்றார்கள். அவள் சும்மா உட்காரவில்லை. ஓய்வு பெற்று இரண்டு மாதமாகிறது. இன்னும் சும்மா உட்காரத் தெரியவில்லை.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் பாதி, மணல் பாதி. வியாகுலம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ரங்கநாதர் கோபுரத்துக்கா அண்ணி சிலுவை?"

"உன் கைக்குடி."

மாடிப்படியெல்லாம் தூசி. உள்ளே பாதி சாமான் கட்டி வைத்திருந்தது. அழகிரி நெற்றியில் நாமமும் தோளில் சதையுமாக நடுவில் நின்றான்.

"வாங்கம்மா. யாருக்கு? பையனுக்கா?"

"எனக்கு."

அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே டெல்பினுக்கு அவனைப் பிடித்துப்போனது.

சுவரோரம் ஒரு இரும்பு ஸ்டாண்ட். அதில் ஜோடி ஜோடியாக டம்பெல்கள். இரண்டு கிலோவில் தொடங்கிப் பத்து வரைக்கும். மேலே போகப் போக ரப்பர் பிய்ந்து, கைப்பிடி வழவழத்துக் கிடந்தது. கீழ்த் தட்டில் இருந்த சின்னவை மட்டும் கடையிலிருந்து வந்த அன்று இருந்ததுபோலவே இருந்தன.

"இதெல்லாம் ஏன் இவ்வளவு புதுசா இருக்கு?"

"பசங்க தொட மாட்டானுங்கம்மா. ரெண்டு கிலோ, மூணு கிலோ எடுத்தா கேவலமாம். முதல் நாளே பத்தைத் தூக்கிட்டு மறுநாள் தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு வருவானுங்க."

"அதுதான் எங்களுக்கு வேணும்."

"வீட்டுக்குன்னா டயல் வெச்சது வந்திருக்கும்மா. அதை வாங்கிக்கங்க. இடம் மிச்சம்."

"இடம் இருக்கு."

"வீடு கீடு மாத்தினா இதை நகட்டறது கஷ்டம்."

"நகட்டறதா இல்லை."

அழகிரி தலையைச் சொறிந்தான். "எத்தனை பேரும்மா தூக்கப் போறீங்க?"

"அன்பியமே தூக்கப் போவுது தம்பி" என்றாள் வியாகுலம்மாள்.

"அப்படின்னா?"

"எங்க தெருவுல இருக்கற குடும்பமெல்லாம் வாரம் ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்ணுவோம். அதான் அன்பியம்."

"ஜெபத்துக்கு எதுக்கும்மா டம்பெல்லு?"

"முழங்கால் போட்டா எழுந்திரிக்க முடியலை. ஒருத்தியை ரெண்டு பேரு தூக்க வேண்டியிருக்கு. அந்த ரெண்டு பேரைத் தூக்க நாலு பேரு. மாதாவே பாத்துட்டுச் சிரிக்கிறா."

இப்போது அழகிரி சிரித்தான்.

டெல்பின் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வலது கையில் ஒன்றைத் தூக்குவாள். வைப்பாள். அதே கையால் அதன் ஜோடியைத் தூக்குவாள்.

"ரெண்டு கையிலயும் ஒண்ணொண்ணு எடுத்துப் பாருங்கம்மா. அப்பதான் ஜோடி சமமான்னு தெரியும்."

"ரெண்டு கையும் ரெண்டு விதமா சொல்லும். ஒரே கை பொய் சொல்லாது. ஸ்டோர்ல இப்படித்தான் பாப்போம்."

அது நிஜம். இன்றைக்கு அது வசதியாகவும் இருந்தது. வியாகுலம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

விலை பேசும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். மீன்காரியிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ரப்பரைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். இது வெடிச்சிருக்கு என்றாள். அது நசுங்கியிருக்கு என்றாள். அழகிரி கடைசியில் ஸ்டாண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கை கூப்பினான்.

"போதும்மா. குட்டி யானை வண்டியில ஏத்தி நானே அனுப்பறேன். நீங்க இன்னும் கொஞ்ச நேரம் பேசினா என் புது ஜிம்மையும் எழுதிக் குடுத்துருவேன்."

படியிறங்கும்போது டெல்பின் இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டாள்.

வியாகுலம்மாள் பார்த்துவிட்டாள். டெல்பினின் இடது பக்கம் வந்து இடித்துக்கொண்டு இறங்கினாள்.

*

நான்கு மணிக்கு முன்னறையில் ஒரு மனிதர் டேப்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். டியூஷன் சென்டர் நடத்தும் கலையரசன். டேப்பின் மறுமுனையைப் பிரவீன் பிடித்திருந்தான்.

"இந்தச் சுவர்ல வைட் போர்டு. இங்கே மூணு வரிசை பெஞ்சு. அந்த மேசை என்ன மேசை?"

"மாதா மேசை" என்றான் பிரவீன். "அது போயிரும்."

"எங்கே போகும்?" என்றாள் டெல்பின் வாசலில் இருந்து.

கலையரசன் எழுந்து வணக்கம் சொன்னார். நல்ல மனிதர். சட்டைப் பையில் சாக்பீஸ் கறை. அவர் மேல் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. குட்டி யானை வந்து நின்றது.

"அழகிரி அண்ணன் அனுப்பினாரு" என்றார் டிரைவர். "இறக்கறதுக்கு ஆளு இருக்கா? எனக்கு முதுகு பிடிச்சிருக்கு."

பிரவீன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"என்னம்மா இது?"

"டயல் இல்லாதது."

"அம்மா..."

"வண்டி தெருவை அடைச்சுக்கிட்டு நிக்குது. முதல்ல இறக்கு. அப்புறம் திட்டு."

தெருவில் பின்னால் ஒரு ஆட்டோ கத்தத் தொடங்கியது. பிரவீன் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டான். ஒரு கையில் பத்து, மறு கையில் பத்து. முதல் நடையிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. ஸ்டாண்டை இறக்கும்போது கலையரசனும் டேப்பைப் பையில் போட்டுவிட்டுக் கை கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"நீ ஒண்ணு எடுக்கலாம்லம்மா. காலையில அஞ்சு தூக்கினேன்னே."

"நான் இடம் காட்டறேன். பெருசு மேல, சிறுசு கீழ. இல்லையில்ல, அது எட்டு. அதை அங்கே வை."

வைட் போர்டு வரவேண்டிய சுவரோரம் ஸ்டாண்ட் நின்றது. பெஞ்சுகளின் முதல் வரிசை வரவேண்டிய இடத்தில் வியாகுலம்மாள் பாயை விரித்தாள்.

கலையரசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் எப்ப எடுப்பீங்கம்மா?"

"எடுக்கறதா இல்லைங்க சார்."

"ஒண்ணாம் தேதி நான் வரணுமே?"

"வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வந்தா நீங்களும் தூக்கலாம்."

வியாகுலம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கலையரசன் பிரவீனைப் பார்த்தார். பிரவீன் தரையைப் பார்த்தான்.

"உங்களுக்குள்ள பேசிட்டுச் சொல்லுங்க தம்பி. கே.கே. நகர்ல இன்னொரு இடம் பாத்து வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில தெரிஞ்சா போதும்."

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகும் பிரவீன் ஸ்டாண்டின் பக்கத்திலேயே நின்றான். உள்ளங்கையெல்லாம் துரு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"காலையில சொன்னேன். நீதான் விளையாடாதன்னே."

"பிடிவாதம் பிடிக்கறே."

"ஆமா."

"வயசான காலத்துல..."

"அறுபதுதான்டா ஆச்சு. மெலிஞ்ச எலும்புக்குப் பலம் குடுக்கத்தான் டாக்டர் இதைத் தூக்கச் சொன்னாரு. எடுத்துக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்கச் சொல்லலை. இதையும் சரி, என்னையும் சரி."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "ஒளிச்சு வைக்கவா கூப்பிடறேன்? நீ விழுந்ததா போன் வந்ததுலேருந்து இன்னிக்கு வரைக்கும் நடுராத்திரியில போன் அடிச்சா நீதானோன்னு அலறிட்டு எழுந்திருக்கறேன். அது உனக்குத் தெரியுமா?"

டெல்பினுக்குத் தெரியாது. அவள் முந்தானையை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை நீ விழுந்தா, நான் கேக்க மாட்டேன். தூக்கிட்டுப் போயிருவேன். சொல்லிட்டேன்."

அந்த வார்த்தையை அவன் காப்பாற்றுவான். செபஸ்தியானும் காப்பாற்றியிருப்பார்.

*

ஆறு மணிக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். மாதா மேசையில் சம்பங்கி. மெழுகுவத்தி. ஜெபமாலை நடந்தது. டெல்பின் மணிகளை வலது கையாலேயே உருட்டினாள். கடைசியில் முழங்கால் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று எழுந்தார்கள். வழக்கமான எழுச்சிதான். இன்று அது டெல்பினின் வழக்குக்குப் பெரிய ஆதாரமாகத் தெரிந்தது.

சுண்டல் கைமாறியது. ஸ்டெல்லா டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இதென்ன டெல்பின், மாதாவுக்குப் பக்கத்துல இரும்புக் கடை?"

"நமக்குத்தான் டீச்சர்."

"நமக்கா?"

"எனக்கு எலும்பு மெலிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. உங்களுக்கும் சொல்லியிருப்பாரு. நீங்க வீட்டுல சொல்லியிருக்க மாட்டீங்க."

ஒருத்தி சுண்டலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஜெபம் வாரம் ஒரு வீடு சுத்தும். இது சுத்தாது. இந்த அறையை விட்டு நகராது. நீங்கதான் தினம் சாயங்காலம் இங்கே வரணும். ஒருத்தி மூணு தூக்கலாம், பக்கத்துலயே ஒருத்தி அஞ்சு தூக்கலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேணாம்."

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எதிர்வீட்டு நஜ்முன்னிசா. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஜெபம் முடிஞ்சிருச்சா டெல்பினக்கா? உள்ளே வரலாமா? வண்டியிலேருந்து இறக்கும்போதே பாத்தேன். எனக்கும் ஒரு ஜோடி எடுத்து வைங்க."

"வா வா. இங்கே எல்லாருக்கும் ஜோடி இருக்கு."

முதலில் வியாகுலம்மாள்தான் எழுந்தாள். கொண்டையை முடிந்துகொண்டாள். மூன்று கிலோ ஜோடியை எடுத்தாள். இடுப்பில் குடத்தை ஏற்றும் முகத்தோடு மேலே தூக்கினாள்.

"எத்தனை தடவை தூக்கணும்?"

"பத்து."

"எண்ணிக்கை மறந்துருமேடி" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"ஜெபமாலையைப் பத்துப் பத்தா எண்ணியே வளர்ந்த வாயி டீச்சர் நம்ம வாயி. மறக்குமா?" என்றாள் டெல்பின்.

அறை சிரித்தது. ஸ்டாண்ட் காலியாகத் தொடங்கியது. நஜ்முன்னிசா இரண்டு கிலோவை எடுத்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வைத்துவிட்டு நான்கை எடுத்தாள். ஸ்டெல்லா டீச்சர் இரண்டு கிலோவோடு சமாதானமாகிவிட்டார். ஒன்று, இரண்டு என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். ஏழுக்கு மேல் குரல்கள் குறைந்தன. பத்துக்குத் திரும்ப எல்லாரும் வந்தார்கள்.

"டெல்பின், நீ தூக்கலையா? எங்களைத் தூக்கவிட்டு வேடிக்கையா பாக்கறே?"

டெல்பின் ஸ்டாண்டின் அருகே போனாள். மேல் தட்டில் கை வைத்தாள். எட்டு.

"டெல்பினு, வேணாம்" என்றாள் வியாகுலம்மாள் மெதுவாக.

அவள் எடுத்தாள். வலது கையில். தோளுக்குக் கொண்டுபோனாள். கால்களை அகட்டி ஊன்றினாள். கை நடுங்கியது. முழங்கை மடங்கியது, நின்றது, பிறகு நேரானது. எட்டுக் கிலோ இரும்பு மாதாவின் தலைக்கு மேலே போய் நின்றது.

பெண்கள் கை தட்டினார்கள். நஜ்முன்னிசா விசிலே அடித்துவிட்டு, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டெல்பின் மெல்ல இறக்கி வைத்தாள். பெங்களூர் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

அறையின் மூலையில் பிரவீன் குந்தி உட்கார்ந்திருந்தான். தோற்றவன் தன் சாமானைக் கட்டிவைப்பதுபோல, டயல் டம்பெல்களைப் பெட்டிக்குள் அடுக்கப் போயிருந்தான். தாங்கியிலிருந்து கைப்பிடியை வெளியே எடுத்தான். வட்டுகளைத் தொட்டான். தொட்ட கை அப்படியே நின்றது.

ஒரு முனையில் பெரியது. மறு முனையில் சின்னது. நடுவில் வரிசை பிசகாமல் மற்றவை. பளபளவென்று தேய்த்திருந்தது.

அவன் அத்தையைப் பார்த்தான். வியாகுலம்மாள் சட்டென்று சுண்டல் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவுதான் தாங்கும்.

அவன் டயலைப் பார்த்தான். அது ஐந்தில் நின்றது.

பெண்கள் இரண்டாவது பத்தைத் தொடங்கியிருந்தார்கள். சத்தத்துக்கு நடுவே பிரவீன் எழுந்து வந்தான். ஒரு கையில் எல்லாவற்றிலும் பெரிய வட்டு. மறு கையில் எல்லாவற்றிலும் சின்னது. அம்மாவின் முன்னால் நின்றான். அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி, கோபமே இல்லாத குரலில் கேட்டான்.

"எல்லாரும் ரெண்டு கையால தூக்கறாங்க. நீ மட்டும் ஏம்மா ஒத்தக் கையால தூக்கினே?"